உங்களுக்குத் தெரியுமா? நடைபாதைக் குடிலும் சுப்ரீம் கோர்ட்டும்

சேலத்தில் நிலமற்ற கூலியாக இருந்து, வறட்சியால் வேலையும் அற்றுப்போகவே 1961-இல் பம்பாய்க்குப் பிழைக்கப்போன ஒருவர், நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு மறைத்த ஒரு குடிலுக்காகச் சேரித் தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் கப்பம் கட்டி, மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் வசித்துவந்தார். 1981 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே, மாநகராட்சியார் அதைப் பிரித்தெறிந்து குடும்பத்தையே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டனர்.

அவரும் மனித உரிமை இயக்கத்தினரும் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடுத்த வழக்குகளில், ஜீவனோபாயமும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கமே என 1985 ஜூலை 10-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது ஒப்பவில்லை என்பதை மறைப்பது நியாயமன்று. இடிப்பு மட்டும் அவ்வாண்டு அக்டோபர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது.

இத்தகைய வழக்கை நடத்தக் காசில்லாதார்க்கும் இன்று வழியுண்டு. இலவசச் சட்ட உதவி பெறத்தக்கவர் யாரெனக் கூறும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே விதிக்கவில்லையாதலால், வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸைக் கையிலேந்திவரும் ஏழைத் தாயொருத்தி, ஜில்லா சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்து இலவசமாகவே வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம்.