பாத்ரூமை புதுப்பிக்கப் போறீங்களா? டைல்ஸ் ஒட்டும் முன் இந்த வயரிங் வேலைகளை முடிச்சிடுங்க!

பழைய பாத்ரூமை இடித்து புதுசா மாற்றும்போது டைல்ஸ் கலர், ஷவர் மாடல், வாஷ்பேசின் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவோம். சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக கேட்பதில்லை. "அதான் எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா டிரிப் ஆகிடும்" என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. ஆனால், எம்.சி.பி. ஷாக்கில் இருந்து மனிதரைக் காப்பாற்றும் கருவியே அல்ல.

எம்.சி.பி. என்ன செய்யும்?

ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் வயர் சூடாகி தீப்பிடிக்காமல் தடுப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. கீசர் லைனில் பொதுவாக 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும். அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் அது விழும்.

ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் லைனைத் தொட்டால் உடல் வழியாக 0.23 ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இது தாராளமாக போதும். எம்.சி.பி.க்கோ இது 50 வாட்ஸ் பல்பு ஒன்று எரிவது மாதிரிதான். அது அசையவே அசையாது.

உயிரைக் காப்பது எது?

ஆர்.சி.சி.பி. கடைகளில் இன்னும் பலர் இ.எல்.சி.பி. என்றே கேட்டு வாங்குகிறார்கள். பேஸ் வயரில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று இது கவனித்துக்கொண்டே இருக்கும். கீசர் பாடி வழியாகவோ, மனித உடல் வழியாகவோ கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு உதைக்கும். உடனே லைனை கட் செய்துவிடும்.

வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் மின்சாரம் நின்றுவிடும். 100, 300 மில்லி ஆம்பியர் ரகங்கள் மனித உயிரைக் காக்க போதாது.

ஆனால் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடை தடுக்காது. அதனால் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய ஆர்.சி.பி.ஓ. என்ற கருவியும் கிடைக்கிறது.

எர்த் எங்கே போகிறது?

பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர் பைப்பில் கட்டியிருப்பார்கள். புதுப்பிக்கும்போது இரும்பு பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பைப் போடுகிறோம். பைப்போடு சேர்ந்து எர்த்தும் போய்விடும். பச்சை வயர் பார்க்க அப்படியே இருக்கும், எங்கும் இணைந்திருக்காது.

எனவே மெயின் போர்டின் எர்த்தில் இருந்து கீசர் பாயிண்ட் வரை தனி பச்சை வயர் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தால், கீசரில் கசிவு வந்ததுமே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

சுவர் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியவை

* 2,000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் வயரும் 16 ஆம்பியர் பாயிண்ட்டும் வேண்டும். 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசருக்கு 4 சதுர மி.மீ. வயர் போடுவது நல்லது.
* கீசர் லைன் மெயின் போர்டில் இருந்து தனியாக வரட்டும். லைட் லைனில் இருந்து கிளை பிரிக்க வேண்டாம்.
* கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டி.பி. சுவிட்சாக வாங்குங்கள்.
* ஷவர், பாத்டப் எல்லையில் இருந்து 60 செ.மீ.க்குள் பிளக் பாயிண்ட் கூடாது. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஐ.பி.எக்ஸ்.4 தர லைட் போடுங்கள்.
* கீசர் புதிதாக வருகிறது என்றால் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அடிக்கடி டிரிப் ஆனால்?

"தொல்லையா இருக்கு, கழட்டிடலாம்" என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்வது சில வீடுகளில் நடக்கிறது. அதைவிட ஆபத்து வேறில்லை. கீசர் காயிலில் கசிவு, சுவருக்குள் ஈரம், இரண்டு லைன்களின் நியூட்ரல் கலந்திருப்பது, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து அதைக் கண்டுபிடித்து சரிசெய்ய வேண்டும். பாத்ரூமுக்கு மட்டும் தனி ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழும்போது வீடு முழுக்க இருட்டாகாது. கழற்றும் எண்ணமும் வராது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டால், மின்சாரம் கணக்குப்படி திரும்பிவிடுவதால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. எனவே கீசரைக் கழற்றும்போது மெயினை அணைத்தே ஆக வேண்டும்.

கொத்தனார் சுவரை மூடும் முன், பைப்பும் வயரும் போகும் பாதையை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் டிரில் போடும்போது உதவும். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.