பேசாத வியாதி அல்ல

ஸ்திரீகளின் சினைப்பையில் தோன்றும் புற்றுநோய்க்கு மேனாட்டு வைத்திய உலகம் நெடுங்காலம் ஒரு பட்டப் பெயர் வழங்கி வந்தது. ஓசையின்றிக் கொல்லும் வியாதி என்பதே அது. பெயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் விளைந்த தீங்கு கொஞ்சமல்ல. ஓசையில்லாத வியாதியை எவ்வாறு முன்னதாகக் கண்டுபிடிப்பது என்று வைத்தியர் கையை விரிக்கலாம்; நோயாளியின் சுற்றத்தாரும் விதியை நொந்துகொண்டு வாளாவிருக்கலாம். இந்தப் பெயரை ஏற்க மறுத்தவர்கள் பெரும்பாலும் பட்டதாரி நிபுணர்களல்லர். மனைவியைப் பறிகொடுத்த கணவர்களும், உடன்பிறந்தாளைப் பறிகொடுத்த சகோதரிகளும், சத்திரசிகிச்சை மேஜையிலிருந்து உயிரோடு இறங்கிய ஸ்திரீகளுமே அவர்கள். வியாதி பேசத்தான் பேசுகிறது, கேட்பாரில்லை என்பது அவர்களுடைய கட்சி.

இது பெண்டிர் விஷயமாயிற்றே, அரசியல் பேசும் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் நேயர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் இரண்டு சமாதானம் சொல்லுவோம். வீட்டில் ஒரு ஸ்திரீ வயிறு உப்புசமாயிருக்கிறது என்று சொன்னால், அதை ஓமத் தண்ணீரோடு முடித்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நாமே. ஆகவே இது ஆடவர் விஷயமுமாகும். அன்றியும், ஒரு பொதுக் கிளர்ச்சியை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நடத்துவது, எல்லாவற்றினும் கடினமாக, நாம் நெடுநாள் முழங்கிய கோஷம் பிழையென்று தெரிந்தபோது அதை எவ்வாறு கைவிடுவது என்பதற்கு இந்த ஸ்தாபனங்களின் சரித்திரத்தைப் போன்ற பாடம் எளிதில் கிடைக்காது.

நோயின் குரல் எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுவோம். வயிறு உப்பி, அவ்வுப்புசம் இறங்காமலே நிற்றல். நாலு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டாற்போல் இருத்தல். அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டுமென்ற உணர்ச்சி. இவ்வளவுதான். இவற்றில் எதை அறியாத குடும்பம் உண்டு? இங்கேதான் இந்நோயின் கபடம் இருக்கிறது. அது அந்நிய வேஷத்தில் வருவதில்லை. அஜீரணத்தின் வேஷத்திலும், மாதவிடாய் நின்ற பிராயத்தின் உபாதை என்ற வேஷத்திலும் வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண அஜீரணம் வந்து போகும். இதுவோ புதிதாக வந்து, போகாமல் தங்கும். மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இக்குறிகள் தோன்றினால், அதிலும் ஐம்பது வயது கடந்த ஸ்திரீகளிடம் தோன்றினால், அலட்சியம் செய்யலாகாது என்று இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய ஆலோசனைச் சபை 2011ஆம் வருஷம் ஏப்ரலில் தன் குடும்ப வைத்தியர்களுக்கு விதி வகுத்தது.

இவ்விதி வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் ஸிண்டி மெலன்ஸன் என்ற அம்மையார் இந்நோய்க்கு ஆளானவர். தம்மைப் போன்றவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு சிறு பத்திரிகையை நடத்தி வந்தார். ஸியாட்டில் நகரத்து டாக்டர் பார்பரா காஃப் என்பவர், நோயாளிகளையே நேரில் கேட்டுவிடுவோம் என்று எண்ணியபோது, அவருக்கு வழி திறந்தது இந்தச் சிறு பத்திரிகைதான். வினாப்பத்திரங்கள் அதன் சந்தாதாரர்கள் மூலமாகப் பரவின. 1,725 ஸ்திரீகள் பதில் எழுதினர். 2000ஆம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே தங்களுக்குக் குறிகள் இருந்தன என்று கூறியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்! அவர்களில் பலருக்கு வைத்தியர்கள் குடல் எரிச்சல் என்றும், மனச்சோர்வு என்றும், மனக்கவலை என்றும், ஒன்றுமேயில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தனர். ஓசையற்ற வியாதி என்ற பட்டம் அன்றே செல்லாக்காசாயிற்று. ஆராய்ச்சியாளர்களின் பெயர்களோடு மெலன்ஸன் அம்மையாரின் பெயரும் அக்கட்டுரையில் சேர்க்கப்பட்டிருந்தது என்பதை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். நோயாளி என்பவர் மருந்து குடிப்பவர் மாத்திரமல்ல, சாட்சியும் ஆவார் என்பதை அந்தப் பெயர் வரிசை ஒப்புக்கொண்டது. 2007ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பிரதான வைத்திய சங்கங்கள் ஒன்றுகூடி, இந்நோய்க்குக் குறிகள் உண்டென்று பகிரங்கமாக அறிக்கையிட்டன.

இனி, இக்கிளர்ச்சியின் பிரபலமான அத்தியாயத்துக்கு வருவோம். கில்டா ராட்னர் அமெரிக்க டெலிவிஷனில் ஜனங்களைச் சிரிக்க வைத்துப் புகழ்பெற்ற நடிகை. நடிகர் ஜீன் வைல்டரை 1984ஆம் வருஷம் மணந்தார். 1986இல் களைப்பும் வலியும் உப்புசமும் அவரை வாட்டின. பல மாதங்கள் பல வைத்தியர்கள் பலவிதமாகச் சொன்னார்கள். அக்டோபர் மாதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் நோய் பரவிவிட்டது. 1989ஆம் வருஷம் மே மாதம் 20ந் தேதி, தமது நாற்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். அவருடைய குடும்பத்தில் இந்நோய் முன்னரே தலைகாட்டியிருந்தது. அதை எவரும் உரிய காலத்தில் விசாரிக்கவில்லை.

அதே 1986ஆம் வருஷத்தில் அமெரிக்க செனட்டர் ஒருவரின் காரியாலயத் தலைமை அதிகாரியாயிருந்த ரோஸா டெலாரோ என்ற அம்மையார், வேறு காரணத்துக்காக வைத்தியரிடம் சென்றார். தற்செயலாக இதே நோய் தொடக்க நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பிழைத்தார், 1990இல் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே ஆண்டு, ஒரே நோய், இரண்டு ஸ்திரீகள். ஒருவர் மண்ணுக்குள் போனார். ஒருவர் சட்டசபைக்குப் போனார். இடையிலிருந்தது அறிவோ செல்வமோ அல்ல, வெறும் அதிர்ஷ்டம். இதை அநீதி என்று உணர்ந்ததனாலேயே இக்கிளர்ச்சி பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வைல்டர் துக்கத்தை மனத்துக்குள் பூட்டி வைக்கவில்லை. 1991இல் காங்கிரஸ் சபையின் உபகமிட்டி முன் சாட்சியம் கூறினார். தம் மனைவி ஏன் இறந்தாள் என்று பத்திரிகையில் பச்சையாக எழுதினார். குடும்பச் சரித்திரத்தை ஒவ்வொரு வைத்தியரும் கேட்க வேண்டும் என்றார். ஸி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை காலத்தில் செய்யப்பட்டிருந்தால் கில்டா பிழைத்திருப்பாள் என்றும் நம்பினார். கில்டாவின் மனோவைத்தியராயிருந்த ஜோவன்னா புல் அம்மையாரோடும் மற்ற நண்பர்களோடும் சேர்ந்து, புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் இலவசமாகக் கூடிப் பேச ஓர் இல்லத்தை 1995இல் நியூயார்க் நகரில் திறந்தார். சிவப்புக் கதவு அதன் அடையாளம். கில்டா கிளப் என்பது பெயர். பிற்காலத்தில், இளைஞருக்குக் கில்டா யாரென்றே தெரியாது என்று காரணம் காட்டி, 2012இல் விஸ்கான்ஸின் மாகாணத்துக் கிளை ஒன்று அப்பெயரை நீக்கப்போவதாக அறிவித்தது. தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கும் பொருட்டுத்தானே பெயரைப் பலகையில் எழுதுவது? அந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

மிச்சிகன் மாகாணத்தில் பள்ளி ஆசிரியையாயிருந்த ஜோஹானா ஸில்வர் கார்டன் 2000ஆம் வருஷத்தில் இந்நோயால் இறந்தார். ஒழுங்காக வைத்தியரிடம் செல்பவர். ஆயினும் குறிகள் இன்னவென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சகோதரி ஷெரில் ஸில்வர், ஸ்திரீகளுக்கும் வைத்தியர்களுக்கும் இதைப் போதிக்க ஒரு சட்டமே வேண்டும் என்று புறப்பட்டார். மசோதாவைச் சபையில் முன்னின்று ஆதரித்தவர்களில் டெலாரோ அம்மையாரும் ஒருவர். 2007ஆம் வருஷம் ஜனவரி 12ந் தேதி அது ஜோஹானாவின் பெயராலேயே சட்டமாகக் கையொப்பமாயிற்று. சகோதரியின் கண்ணீர் சட்டப் புஸ்தகத்தில் ஏறுவதற்கு ஏழு வருஷம் பிடித்தது. மசோதாக்களின் நடையை அறிந்த நம் நேயர்களுக்கு இது அதிவேகமாகவே தோன்றும்.

இதுவரை கூறியது வெற்றியின் கதை. இனிக் கூறுவது சோதனையின் கதை.

வைல்டர் நம்பிய அந்தப் பரிசோதனையை நாட்டிலுள்ள எல்லா ஸ்திரீகளுக்கும் ஆண்டுதோறும் செய்தால் என்ன? துக்கப்பட்ட குடும்பங்கள் யாவும் இதைத்தான் கேட்டன. கேட்பது நியாயமே. அமெரிக்காவில் 78,216 ஸ்திரீகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது: பரிசோதனை செய்துகொண்ட பிரிவில் மரணம் குறையவில்லை. அது மாத்திரமா? நோயில்லாத 3,285 பேருக்கு நோயுண்டென்று பரிசோதனை பொய்யாகக் காட்டியது. அவர்களில் 1,080 பேர் கத்திக்கு ஆளாயினர். அவர்களிலும் 163 பேருக்குக் கடும் விபரீதங்கள் நேர்ந்தன. ஆயினும் நம்பிக்கை போகவில்லை. பிரிட்டனில் இதனினும் பெரியதொரு சோதனை 2001ஆம் வருஷம் முதல் நடந்துகொண்டிருந்தது. 2,02,638 ஸ்திரீகள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்திருந்தனர். டாக்டர் இயன் ஜேக்கப்ஸும் டாக்டர் உஷா மேனனும் அதற்குத் தலைமை வகித்தனர். இருபது வருஷ உழைப்பின் பலன் 2021ஆம் வருஷம் மே மாதம் வெளியாயிற்று. ரத்தப் பரிசோதனை, நோயை முன்னதாகக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. ஆனால் உயிரைக் காக்கவில்லை.

முன்னதாகக் கண்டும் உயிர் பிழைக்காதது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். தொடக்க நிலையில் அகப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷத்துக்கு மேல் வாழ்கின்றனர் என்பதும் மெய்தான். ஆனால் அவ்வாறு அகப்படுபவற்றில் பல, இயல்பிலேயே மந்தகதியில் வளர்பவை. கொடிய ஜாதியோ, கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படும் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கொடிய ஜாதியில் பெரும்பகுதி சினைப்பையில் பிறப்பதே இல்லை, அதன் அருகிலுள்ள கருக்குழாயின் நுனியில் பிறக்கிறது என்பது இந்த நூற்றாண்டில் தெளிந்த உண்மை. இத்தனை காலம் திருடனை அடுத்த வீட்டில் தேடியிருக்கிறோம்!

இந்நிலையில் தலைவர்கள் என்ன செய்தனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நன்கொடை கொடுத்தவர்கள் பரிசோதனையை எதிர்பார்த்துக் கொடுத்தவர்கள். கூட்டங்களில் முழங்கியதும் அதுவே. உண்மையைச் சொன்னால் உற்சாகம் குன்றும், பண வரவு சுருங்கும். மௌனமாயிருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அமெரிக்காவின் சினைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூட்டணி என்ற ஸ்தாபனம், மனைவியை இழந்த ஸால் ஷ்ரைபர் என்பவர் 1994இல் தொடங்கிய நிதியிலிருந்து வளர்ந்தது. அதன் தலைமையிலிருந்த ஆட்ரா மோரன் அம்மையாரும் சகாக்களும் 2023ஆம் வருஷம் ஜனவரியில் பகிரங்கமாக உண்மையைச் சொன்னார்கள். பொது ஜனங்களுக்கேற்ற பரிசோதனை இன்னும் இல்லை. குறிகளை அறிந்திருப்பதும் மாத்திரம் போதாது. பிள்ளைப்பேறு போதுமென்றிருக்கும் ஸ்திரீகள் வேறு காரணத்துக்காக இடுப்புப் பகுதியில் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தால், அப்போதே கருக்குழாய்களை எடுத்துவிடுவதைப் பற்றி வைத்தியரோடு யோசிக்கட்டும். தம் குடும்பத்தில் இந்நோயோ மார்புப் புற்றுநோயோ இருந்தால் பாரம்பரியச் சோதனை செய்துகொள்ளட்டும் என்றார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வைத்தியர்கள் இந்தக் கருக்குழாய் யோசனையை 2010இலேயே பிரசாரம் செய்யத் தொடங்கியவர்கள். பழைய கோஷத்தின் எல்லையைத் தாமே எடுத்துச் சொன்ன இந்தத் துணிவை நாம் பெரிதாக மதிக்கிறோம். எத்தனை அரசியல் கட்சிகளால் இது முடியும் என்று கேட்க விரும்பவில்லை. கேட்டால் நமது பக்கம் போதாது.

எல்லா ஸ்தாபனங்களும் ஒரே அளவில் இதற்கு அழுத்தம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1996இல் தோன்றிய ஓவாகோமும், 2008இல் தோன்றிய டார்கெட் ஓவேரியன் கான்ஸர் சங்கமும் குறிகளைப் போதிப்பதை விடாமல் நடத்தி வந்தன. ஓவாகோம் நான்கு குறிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'பீட்' என்று ஒரே சொல்லாக்கியது. ஆங்கிலத்தில் அதற்கு 'வெற்றி கொள்' என்றும் பொருள். கருப்பை வாய்க்குச் செய்யும் பரிசோதனை இந்நோயையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று எண்ணற்ற ஸ்திரீகள் தவறாக நம்பியிருப்பதை எடுத்துக்காட்டி, அது காட்டாது என்று சலிக்காமல் சொல்லி வந்ததும் இவர்களே. பரிசோதனை உயிரைக் காக்கவில்லையே, குறிகளை அறிவதால் என்ன லாபம் என்று வாதிப்போரும் உண்டு. அது சரியான வாதமாக நமக்குப் படவில்லை. நலமாயிருக்கும் லட்சம் பேரைத் துருவிப் பார்ப்பது வேறு. மூன்று வாரமாக உணவு செல்லாமல் வைத்தியர் வாசலில் வந்து நிற்கும் ஒருத்தியை நம்புவது வேறு. அவளுக்குச் சிகிச்சை ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கினால், கத்திக்கும் மருந்துக்கும் தாங்கும் வலுவாவது மிஞ்சும்.

உலகத்தில் ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளுக்கு இந்நோய் காண்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாளுகின்றனர். பல தேசத்து ஸ்தாபனங்களும் சேர்ந்து 2013ஆம் வருஷம் முதல் மே 8ந் தேதியை இதற்குரிய தினமாக அனுஷ்டிக்கின்றன. தினங்களைக் கொண்டாடுவதில் நமக்கு அத்தனை மோகமில்லை. அவர்கள் செய்த மற்றொரு காரியம்தான் நம் மனத்தைக் கவர்ந்தது. நோயிலிருந்து மீண்ட ஸ்திரீகளை அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். இன்னும் பட்டம் பெறாத மாணவர்களுக்கு முன் அந்த அம்மையார்கள் எழுந்து நின்று, தங்களுக்கு முதலில் என்ன தோன்றியது, யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று விவரிக்கிறார்கள். பிறகு மாணவர்கள் கேள்வி கேட்கிறார்கள்.