சாயம் போயிற்று, நாணயம் நின்றது

கடல் கடந்த வாணிபத்தில் இரு நாட்டு வணிகர்கள் நெடுங்காலம் கைகோத்து நிற்பதற்கு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றே போதுமா? போதாது என்பதற்கு, நம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட 'மெட்ராஸ்' துணி சாட்சி கூறும்.

ராயபுரம் வட்டாரத்துக்கும் துணி வாணிபத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை என்ற அவ்வூர்ப் பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை என மருவிற்று. ராயபுரத்தை அடுத்த வண்ணாரப்பேட்டையோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம். நெய்பவரும் வெளுப்பவரும் இவ்வாறு அருகருகே வாழ்ந்தனர். எந்தத் துணியை எப்படி அலச வேண்டும் என்று கேட்டறிய எவரும் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அறிவு துணியை விட்டுப் பிரிந்தால் என்ன நேரும் என்பதை, கண்ணூரைச் சேர்ந்த ஏற்றுமதி வணிகர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் தம் அனுபவமாகப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். 1958ஆம் ஆண்டு, வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசினார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் மணக்கும் பல வண்ணக் கட்டத் துணி அது. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தார். ஜேக்கப்சன் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் ஸ்தாபனத்துக்கு விற்றார். ஆனால் துணி போன இடத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. உடைகளை வாங்கியவர்கள் மற்றத் துணிகளைப்போலவே சலவை செய்தனர். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்தோடின. புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடுக்கும் பேச்சும் எழுந்தது.

நாயர் ஒளியவில்லை; அமெரிக்காவுக்கே சென்றார். சாயம் இளகுவது அத்துணியின் இயல்பு என்பதையும், ஒவ்வொரு சலவையிலும் அது புதிய நிறச்சாயல் பெறுவதையும் அங்குள்ள ஒரு பத்திரிகை வாயிலாக விளக்கினார். குறை எனக் கருதப்பட்டதே பெருமையாயிற்று. 'சாயம் இளகுவது உறுதி' என்றே விளம்பரங்கள் முழங்கின. மறைத்திருந்தால் குற்றமாகியிருக்கும் ஒன்று, வெளிப்படச் சொன்னதால் விருப்பத்துக்குரியதாயிற்று. முறிந்திருக்க வேண்டிய வணிக உறவும் பிழைத்தது.

இதில் நம் சங்க அங்கத்தினர்கள் கொள்ளவேண்டிய பாடம் தெளிவானது. தறியில் அமர்பவர் நியூயார்க் வணிகரை நேரில் காண்பதில்லை. ஆயினும் இடையில் நிற்பவர் ஒருவர் சொல்ல மறந்தால், பழி இறுதியில் நெசவாளியின் பெயருக்கே வந்து சேரும். ஆகவே, நூல் எது, சாயம் எது, அலசும் முறை எது என்பதை வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் அச்சிட்டு, ஒவ்வொரு துணியிலும் இணைத்தனுப்புவது சங்கத்தின் கடமை. விளைபொருள் அனுப்பும் உழவர்க்கும் இது பொருந்தும்: எப்போது பறித்தது, எவ்வளவு நாள் தாங்கும் என்பதை மூட்டையோடு சேர்த்தே சொல்லியனுப்ப வேண்டும்.

உள்ளதை உள்ளபடி முன்கூட்டிச் சொல்வதே வணிகரின் நாணயம். அந்தச் சாயம் மட்டும் எந்தச் சலவையிலும் வெளுக்காது.