கப்பலில் பானம்: மொத்தமாகப் பணம் கட்டலாமா?

நம் தாத்தா பாட்டி காலத்தில் கப்பல் பயணம் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்த 'ரஜூலா' கப்பல்தான். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த பயணம் அது. இன்றோ, 2012-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் நம்மவர்கள் உல்லாசக் கப்பலுக்காக வரிசை பிடிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், ஏறுமுன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

வேலை ஓய்வு பெற்ற என் அத்தான், சேமநிதிப் பணத்தில் அக்காளை மூன்று இரவுப் பயணத்துக்கு அழைத்துப் போக எண்ணினார். "பானப் பேக்கேஜ் எடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமாம். மாப்பிள்ளை, நீதான் வாத்தியாராச்சே, லாபமா நட்டமா சொல்லு" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விலை கப்பலுக்குக் கப்பல் மாறும். ஆகவே, உதாரணமாக நாளுக்கு 60 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன்மேல் சேவைக் கட்டணம் உண்டு. பல கப்பல்களில் அது 18 விழுக்காடு. ஆக 70.80 டாலர். தனியாக வாங்கும் ஒரு கோப்பை மது 12 டாலர் என்றால், அதே கட்டணத்துடன் 14.16. எழுபதை அதனால் வகுத்தால், ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை குடித்தால்தான் போட்ட பணத்துக்குச் சரியாகும். ஆறாவது கோப்பையில்தான் லாபம்!

இதோடு முடியவில்லை. ஓர் அறையில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால், அதே அறையில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அக்காள் மதுவைத் தொடமாட்டார். அப்படியானால் அத்தான் ஒருவரே பத்துக் கோப்பை குடித்தாக வேண்டும்! மூன்று நாளைக்கு இருவருக்கும் 424.80 டாலர். அத்தான் வழக்கம்போல் நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டால் செலவு 84.96 டாலர்தான்.

இன்னும் சில செய்திகளையும் மனத்தில் கொள்ளுங்கள். குடிநீர், தேநீர், சாதாரணக் காப்பி ஆகியவை பெரும்பாலும் இலவசம். பேக்கேஜைப் பயணம் முழுவதற்கும் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் கிடைப்பது அரிது. கரையில் இறங்கிச் சுற்றும் நேரத்திலும் அந்த நாள் காசு ஓடிக்கொண்டிருக்கும். சோடா பானம் மட்டும் விரும்பும் பிள்ளைகளுக்கு மலிவான பேக்கேஜ் தனியே உண்டு. மது அருந்தாத துணைவருக்கு அதை எடுக்க அனுமதிப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வாங்குவதென்று முடிவு செய்தால், ஏறுமுன் வாங்குவது பெரும்பாலும் மலிவு.

கணவனும் மனைவியும் அளவோடு அருந்துபவர்கள், கடலிலேயே கழியும் நாள்கள் அதிகம், விலையுயர்ந்த காப்பியும் பழச்சாறும் அடிக்கடி வேண்டும் என்றால் பேக்கேஜ் கட்டுப்படியாகலாம். மற்றவர்கள் தனித்தனியாக வாங்கிக் கணக்கை அன்றாடம் பார்த்துக்கொள்வதே நல்லது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 'காசு கட்டியாச்சே, வீணாக்குவதா?' என்னும் எண்ணம்தான் அது. தோட்டத்துக் கள்ளுக்கடையில் சம்பள நாளன்று குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அங்கே கையில் காசு தீர்ந்ததும் எழுந்தாவது வந்தார்கள். இங்கே அந்தத் தடையும் இல்லை.

அத்தானுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் கணக்கைப் படித்தபோது அக்காள் எதுவும் பேசவில்லை; மருந்துப் பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் அதைப் பார்த்தார். பிறகு, "வேண்டாம் மாப்பிள்ளை, அந்தக் காசுக்கு சன்னல் வைத்த அறை கிடைக்குமா, கேட்டுப் பார்" என்றார்.

கிடைத்தது. அக்காள் மூன்று நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு போனார்.