17 அங்குல லேப்டாப்: ஐந்தாண்டு வரவு செலவு

டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டுப் பெரிய திரை லேப்டாப் ஒன்றை வைத்தால் சரிப்படுமா? கம்ப்யூட்டர் கடைகளில் 20 ஆண்டுகளாக இந்தக் கேள்வி ஓயவில்லை. 2006-இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் எம்2010 மாடலின் திரை 20.1 அங்குலம், எடை 8.3 கிலோ. 2019-இல் எல்ஜி கிராம் 17 வெளியானபோது எடை 1.34 கிலோதான். ஆனால் அந்த கிராமில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கல்யாண வீடியோ எடிட்டிங்கையும் கேமையும் தாங்கும் 17.3 அங்குல லேப்டாப் இன்றைக்கும் இரண்டரை முதல் மூன்று கிலோ. அடாப்டர் எடை தனி. இந்த ரகத்தைத்தான் இங்கே டெஸ்க்டாப்போடு நிறுத்துப் பார்க்கிறோம்.

திரை

17.3 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 38.3 செ.மீ., உயரம் 21.5 செ.மீ., பரப்பு சுமார் 825 சதுர செ.மீ. சாதாரண 24 அங்குல மானிட்டரின் பரப்பு சுமார் 1,588 சதுர செ.மீ. கடையில் 'பெரிய திரை' என்று எடுத்துக் காட்டுவது மானிட்டரில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவே.

இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை 1920 × 1080 என்றே இருந்தால், லேப்டாப்பில் எழுத்தும் ஐகானும் 28 சதவீதம் சிறுக்கும். பெரிதாக்கிப் பார்க்கலாம், அப்போது எடிட்டிங் டைம்லைனுக்கு இடம் குறையும். திரையின் மேல்விளிம்பும் மேசையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். எட்டு மணி நேரம் குனிந்து பார்க்கக் கழுத்து ஒப்பாது. ஸ்டாண்டும் தனி கீபோர்டும் வாங்கியே ஆகவேண்டும். பலரும் பட்ஜெட்டில் எழுத மறக்கும் செலவு இது.

வேகம்

பெயரை நம்பினால் ஏமாற்றம்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் ஒரே எண்ணுள்ள டெஸ்க்டாப் கார்டையும் லேப்டாப் சிப்பையும் கோர் எண்ணிக்கையில் ஒப்பிட்டால்:

4060: டெஸ்க்டாப் 3,072, லேப்டாப் 3,072. 100 சதவீதம்.
4070: டெஸ்க்டாப் 5,888, லேப்டாப் 4,608. 78 சதவீதம்.
4090: டெஸ்க்டாப் 16,384, லேப்டாப் 9,728. 59 சதவீதம்.

விலை ஏற ஏற, லேப்டாப்காரர் இழப்பது கூடுகிறது. டெஸ்க்டாப் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும்; அந்தச் சூட்டை மூன்று செ.மீ. தடிமனுள்ள பெட்டிக்குள் ஆற்ற முடியாது. அதனால் லேப்டாப்புக்கு வேறு, சிறிய சிப்.

4060-இலும் ஒரு சூட்சுமம் உண்டு. லேப்டாப் தயாரிப்பாளர் அதை 35 வாட்டிலும் ஓட விடலாம், 115 வாட்டிலும் ஓட விடலாம். கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடாப்டரைத் திருப்பி 'அவுட்புட்' வரியைப் பாருங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 230 வாட்; தாராளம். 150 வாட்தான் வருகிறதா? கிராஃபிக்ஸுக்கு 115, பிராசஸருக்கு 45 என்றாலே 160 ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது.

மின்சாரம்

இங்கே வரவு லேப்டாப் பக்கம். எடிட்டிங், படம், பிரௌசிங் கலந்த சராசரிக்கு லேப்டாப் 35 வாட், டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்று வைப்போம். நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்: லேப்டாப்புக்கு 84 யூனிட், டெஸ்க்டாப்புக்கு 240. வித்தியாசம் 156, இரண்டு மாத பில்லுக்கு 26 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 26 யூனிட்டே ஸ்லாப்பை மாற்றிவிடும்.

பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் நிறுத்தும் நாளில் 90 வாட்-மணி பேட்டரி, லேசான வேலைக்கு 25 வாட் வீதம் மூன்றரை மணி நேரம் வரும். டெஸ்க்டாப்புக்குப் போடும் 600 விஏ யுபிஎஸ், கோப்பைச் சேமித்து மூடும் அவகாசம்தான் தரும்.

ஐந்தாண்டுக் கணக்கு

விலைகள் ஒப்பீட்டுக்காக வைத்த முழு எண்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிற அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் 4060, யூனிட் 8 ரூபாய்.

லேப்டாப்
மெஷின்: 1,20,000
ஸ்டாண்ட், கீபோர்டு, மவுஸ்: 3,500
ஒருமுறை பேட்டரி மாற்ற: 7,000
மின்சாரம் 420 யூனிட்: 3,360
மொத்தம்: ரூ.1,33,860

டெஸ்க்டாப்
அசெம்பிள் செய்த சிபியு: 80,000
24 அங்குல மானிட்டர்: 9,000
யுபிஎஸ்: 4,000
கீபோர்டு, மவுஸ், வெப்கேம், ஸ்பீக்கர்: 4,500
ஒருமுறை யுபிஎஸ் பேட்டரி மாற்ற: 1,200
மின்சாரம் 1,200 யூனிட்: 9,600
மொத்தம்: ரூ.1,08,300

வித்தியாசம் ரூ.25,560. கணக்கில் ஏறாத ஒன்று பாக்கி: ஐந்தாம் ஆண்டு முடிவில் டெஸ்க்டாப்பின் மானிட்டர், கேபினட், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் ஆகியவை அடுத்த மெஷினுக்கும் உதவும். லேப்டாப்பில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். போர்டோடு ஒட்டிய கிராஃபிக்ஸ் சிப்பை மாற்ற வழியில்லை.

தீர்ப்பு

அந்த 25,560 ரூபாய், மெஷினை இடம் மாற்றும் வசதிக்கு நாம் கட்டும் வாடகை. வாரம் இரண்டு முறை வெளியே எடுத்துப் போனால், ஒரு தடவைக்கு 49 ரூபாய். தாராளமாக லேப்டாப் வாங்கலாம். வாரம் ஒருமுறை என்றால் 98 ரூபாய், அதுவும் நியாயம்தான். மாதம் ஒரே முறை என்றால் 426 ரூபாய், யோசிக்க வேண்டும். ஹாஸ்டல் அறை, ஒற்றை அறை வாடகை வீடு என்று மேசைக்கே இடமில்லாதவர்களுக்கு இந்த வகுத்தல் தேவையில்லை, லேப்டாப்தான். மெஷின் ஒரே மேசையில் கிடக்கப் போகிறதென்றால் டெஸ்க்டாப்பையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் பெரிய மானிட்டரே வாங்கலாம்.