குச்சிக்கிழங்கும் பக்குவமும்



நம்ம சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு தெரியாதவங்க இருக்க முடியாது. மரவள்ளி, மரச்சீனி, கப்பை என்றும் சொல்வார்கள். எங்க காட்டுலயும் இதுதான் வெள்ளாமை. ஆனால் இது நம்ம நாட்டுச் செடியே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

இதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசில் பகுதிப் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இதைக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். கேரளக் கரைக்கும் அவர்கள் மூலமாகவே வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்ச காலத்தில் அரிசிக்கு மாற்றாக இருக்கும் என்று இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இன்று உலகிலேயே அதிகமாக விளைவது நைஜீரியாவில்!

எப்படி இவ்வளவு தூரம் பரவியது? விதை வேண்டாம். ஒரு சாண் குச்சியை நட்டால் போதும். சத்தில்லாத மண்ணிலும் வரும், வறட்சியையும் தாங்கும்.

ஆனால் ஒரு ஆபத்தும் உண்டு. "பச்சைத் தழையைத் தின்னா ஆடு செத்துப்போகும்"னு எங்க அப்பாயி அடிக்கடி சொல்லும். அது உண்மைதான். கிழங்கையோ இலையையோ கடித்தாலும் நசுக்கினாலும் அதிலிருந்து சயனைடு விஷம் உண்டாகிறது. கசப்பு ரகங்களில் இது அதிகம். அதனால்தான் அமெரிக்கப் பழங்குடிகள் கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து நீக்கி, வறுத்த பிறகே சாப்பிட்டார்கள்.

1981இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி. கசப்புக் கிழங்கைத் தவிர வேறு உணவு கிடைக்கவில்லை. அதைப் பல நாள் காயவைத்துச் சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம். பக்குவம் தெரியாமல் இல்லை, பசி பொறுக்கவில்லை. சரியாகக் காயாததைச் சாப்பிட்டு ஆயிரம் பேருக்கு மேல் கால்கள் முடங்கிப் போயின. அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்த நோய்க்குக் 'கொன்சோ' என்று பெயர்.

நம்ம ஊர் ஜவ்வரிசியிலும் இந்தப் பக்குவம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதால், 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்தே தயாரிக்கத் தொடங்கினார்கள். தோல் நீக்கி, அரைத்து, தண்ணீரில் கழுவி, மாவைத் தெளிய வைக்கும்போது விஷம் தண்ணீரோடு போய்விடுகிறது.

நண்பர்களே! இனி காட்டு வழியில் போகும்போது கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகக் கடிக்காதீங்க. தோலை நன்றாகச் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும். கசந்தால் உடனே துப்பிடுங்க. தம்பி தங்கச்சிக்கும் மறக்காமல் சொல்லுங்க!