கிருமியை அழிக்கும் மாவுச்சத்து

கோலார் தங்கவயலைச் சுற்றி விளையும் கேழ்வரகிலும், சேலத்து மரவள்ளிக் கிழங்கிலும் மிகுந்திருப்பது மாவுச்சத்தாகும். இஃது இயல்பு நிலையில் பாக்டீரியாக்களைக் கொல்லாது. அவற்றுக்கு உணவாகவே அமையும். ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலிகளை இரசாயன முறையில் குறுக்கே பிணைத்து, 0.9 சதவீத அயோடினை உள்ளடக்கிய நுண்மணிகளாக்கினால், 'காடெக்சோமர் அயோடின்' என்னும் மருந்து கிடைக்கிறது.

ஆறாத புண்ணில் இட்டால் இம்மணிகள் கசிவுநீரை உறிஞ்சி உப்புகின்றன. அப்பொழுது அயோடின் சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் கிருமிகளை அழிக்கிறது. பழுப்பு நிறம் வெளுத்தால் அயோடின் தீர்ந்ததென்றும், புண்கட்டினை மாற்ற வேண்டுமென்றும் அறியலாம்.

எனினும், அயோடின் ஒவ்வாதோரும் தைராய்டு நோயாளரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். வீட்டு மாவில் அயோடினைக் கலந்தால் நீலநிறம் தோன்றும். அது வகுப்புச் சோதனைக்கு உதவுமேயன்றிப் புண்ணுக்கு மருந்தாகாது.